தாய் வீட்டுக்குக் காரில் போன பெண்மணி

பெட்ரோலில் ஓடும் மோட்டார் காரைக் கட்டியவர் ஜெர்மனி நாட்டு என்ஜினீயர் கார்ல் பென்ஸ். அதை நம்பி வெளியூர் போகலாம் என்று உலகத்துக்குக் காட்டியவர் அவருடைய மனைவி பெர்த்தா. வழியில் கார் பல முறை மக்கர் செய்தது. கையில் கிடைத்த பொருளைக் கொண்டே அதைச் சரி செய்து, 65 மைல் தூரம் போய்ச் சேர்ந்தார் அவர்!

சீதனப் பணம்

பெர்த்தா 1849-ம் ஆண்டு மே மாதம் 3-ந்தேதி போர்ஸ்ஹைம் என்ற ஊரில் பிறந்தார். தந்தை வசதி உள்ளவர். மறுபடியும் பெண்தானா என்று வருந்தி, அதைக் குடும்ப பைபிளில் அவர் எழுதி வைத்தார் என்றும், சிறுமி பெர்த்தா அதைப் படித்து மனம் நொந்தாள் என்றும் சொல்வார்கள்.

கார்ல் பென்சோ ஏழை. ரெயில் என்ஜின் டிரைவரின் மகன். சிறு குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தவர். 1871-ம் ஆண்டு மான்ஹைம் நகரில் கூட்டாகப் பட்டறை தொடங்கினார். கூட்டாளி கைகொடுக்கவில்லை. பட்டறை மூழ்கும் நிலை.

அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெர்த்தா தயங்கவில்லை. தன் சீதனப் பணத்தைத் திருமணத்துக்கு முன்பே வாங்கிக் கொடுத்தார். கூட்டாளியின் பங்கு விலைக்கு வாங்கப்பட்டது. பட்டறை பிழைத்தது. 1872-ம் ஆண்டு ஜூலை 20-ந்தேதி திருமணம் நடந்தது.

வாங்க ஆள் இல்லை

அடுத்து வந்தது கஷ்ட காலம். குழந்தைகள் பிறந்தன. கடனும் வளர்ந்தது. 1879-ம் ஆண்டின் கடைசி நாள் இரவு, எத்தனையோ முறை ஓட மறுத்த என்ஜின் ஓடத் தொடங்கியது. பென்ஸ் தம்பதிகள் பூரித்துப் போனார்கள்.

1886-ம் ஆண்டு ஜனவரி 29-ந்தேதி, மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டு பென்ஸ் மனுச் செய்தார். ஆனால், வண்டியை வாங்க யாரும் முன்வரவில்லை. குதிரை இல்லாத வண்டியை நம்புவது எப்படி? பென்ஸ் மனம் சோர்ந்தார். ஊருக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தால் போதாது, நெடுந்தூரம் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று பெர்த்தா முடிவு செய்தார்.

விடியற்காலைப் பயணம்

1888-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். பள்ளி விடுமுறை. மகன்கள் யூஜனுக்கு 15 வயது, ரிச்சர்டுக்கு 13 வயது. ஒரு நாள் அதிகாலையில், கணவருக்குத் தெரியாமல், இருவரையும் ஏற்றிக்கொண்டு போர்ஸ்ஹைமில் இருந்த தாய் வீட்டுக்குப் புறப்பட்டார்.

இன்று பல கார்களில் கிளச்சை மிதித்தால், குழாயில் உள்ள எண்ணெயின் அழுத்தம் அதை இயக்குகிறது. அன்று அந்த வசதி இல்லை. என்ஜின் ஒரு தோல் வாரைச் சுழற்றும். வார் சும்மா சுழலும் கப்பியில் இருந்தால் வண்டி நிற்கும். நெம்புகோலால் அதைப் பக்கத்துக் கப்பிக்குத் தள்ளினால் வண்டி நகரும். அதுதான் அன்றைய கிளச்சு!

பழுதுக்கு மேல் பழுது

முதலில் எரிபொருள் தீர்ந்தது. பெட்ரோல் பங்கு எங்கும் இல்லாத காலம். வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடைக்குப் போனார். துணியில் கறை போக்க விற்கும் லிக்ராயின் என்ற திரவம்தான் காருக்கும் எரிபொருள். அதை வாங்கி ஊற்றினார். உலகின் முதல் பெட்ரோல் பங்கு என்று அந்தக் கடை பிற்காலத்தில் புகழ் பெற்றது.

இன்னோர் இடத்தில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் குத்தியிருந்த நீண்ட ஊசியை உருவி, அடைப்பை நீக்கினார். மின்சாரக் கம்பியின் உறை தேய்ந்து, தீப்பொறி சரியாக வரவில்லை. காலுறையைக் கட்டும் பட்டியைக் கழற்றிக் கம்பியில் சுற்றினார். என்ஜின் சூடு தணிய, கண்ட இடமெல்லாம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது.

புரூக்ஸால் ஊரில் ஒரு கொல்லர் சங்கிலியைச் சரி செய்து கொடுத்தார். மேட்டில் வண்டி ஏறவில்லை, இறங்கித் தள்ளினார்கள். பள்ளத்தில் இறங்கும்போது பிரேக் கட்டைகள் தேய்ந்தன. பவுஷ்லாட் கிராமத்தில் செருப்பு தைப்பவரிடம் சொல்லி, கட்டைகளின் மேல் தோல் அடிக்கச் செய்தார். பிரேக் பிடித்தது!

அன்று மாலை மூவரும் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். கணவருக்குத் தந்தி பறந்தது. சில நாட்களில் அதே காரில் திரும்பினார்கள்.

பயணம் தந்த பாடம்

மேட்டில் வண்டி திணறியதைச் சொன்னார்கள். மேடு ஏறுவதற்கென்று இன்னொரு கியரை பென்ஸ் சேர்த்தார். பட்டறையில் தெரியாத குறைகள் பாதையில் தெரிந்தன. ஊரெல்லாம் காரைப் பற்றியே பேச்சு. 1899-ம் ஆண்டில் மட்டும் பென்ஸ் கம்பெனி 572 வண்டிகளைச் செய்தது.

கார்ல் பென்ஸ் 1929-ல் காலமானார். 1944-ம் ஆண்டு மே 3-ந்தேதி பெர்த்தாவுக்கு 95 வயது நிறைந்தது. கணவர் படித்த கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கல்லூரி அவருக்குக் கவுரவ செனட்டர் பட்டம் அளித்தது. இரண்டே நாளில், மே 5-ந்தேதி, அவர் கண் மூடினார்.

2008-ம் ஆண்டில், அவர் சென்ற வழி அவர் பெயரால் நினைவுப் பாதை ஆயிற்று. பெண்தானா என்று தந்தை வருந்திய அந்தக் குழந்தையின் பெயரை, போர்ஸ்ஹைம் வரை நீளும் அந்தப் பாதை தாங்கி நிற்கிறது.