டிராயிங் போர்டில் ஒரு தளபதி – டாம் லாண்ட்ரி

அமெரிக்கன் ஃபுட்பால் என்றதும் நாம் ஆடும் கால்பந்தை நினைத்துவிட வேண்டாம். அது முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம். பக்கத்துக்கு 11 பேர். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் முட்டல் மோதல்தான்! ஆனால் அதற்குள் ஒரு இன்ஜினியரிங் கணக்கு இருக்கிறது என்று காட்டிய மனுஷன்தான் டாம் லாண்ட்ரி.

1924 செப்டம்பர் 11-ல், டெக்சாஸ் மாநிலத்தின் மிஷன் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா மோட்டார் மெக்கானிக். கல்லூரியில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே உலகப் போர் குறுக்கிட்டது. அண்ணன் ராபர்ட் விமானத்தோடு அட்லாண்டிக்கில் மறைந்தார். அப்படியும் தம்பி தயங்கவில்லை. பி-17 குண்டுவீச்சு விமானத்தின் துணை விமானியாக 30 முறை பறந்து உயிரோடு திரும்பினார்.

1950-ல் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணிக்கு ஆட வந்தார். ஆடிக்கொண்டே படித்து, 1952-ல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்கில் முதுகலைப் பட்டம் வாங்கினார். நம்ம ஆளு!

1956-ல் தடுப்பாட்டம் முழுவதும் அவர் பொறுப்பு. அதுவரை பல அணிகள் முன்வரிசையில் 5 பேரை நிறுத்தின. நடுவில் குனிந்து நிற்பவரைப் பின்னால் தள்ளி நிமிர்ந்து நிற்க வைத்தால், அவர் முழுக் களத்தையும் பார்க்கலாம் அல்லவா? அந்த இடத்துக்கு சாம் ஹஃப் வந்தார். முன்னால் 4, பின்னால் 3. இந்த 4-3 அமைப்பைச் செதுக்கி நிலைநாட்டியவர் லாண்ட்ரி.

முன்வரிசை நால்வரில் உள்ளே இருவர், ஓரங்களில் இருவர். ஓரத்தில் நிற்பவருக்கு இன்று எட்ஜ் ரஷர் என்று பெயர். எதிரணி பந்தை எறியப் பின்வாங்கும்போது, வளைந்து பாய்ந்து எறிபவரை அமுக்குவதே அவர் வேலை. வலக்கையால் எறிபவருக்கு இடப்பக்கம் முதுகுப்பக்கம் ஆகிவிடும். அந்த வழியாக வருபவர் தடுப்பு அணியின் வலது ஓரக்காரர். ஜயண்ட்ஸில் அவர் ஆண்டி ரோபஸ்டெல்லி. அந்த ஆண்டே இறுதிப்போட்டியில் சிகாகோ பேர்ஸை 47-7 என்று நொறுக்கினார்கள்!

1960-ல் புதிய அணியான டல்லஸ் கௌபாய்ஸுக்குத் தலைமைப் பயிற்சியாளரானார். முதல் ஆண்டில் ஒரு வெற்றிகூட இல்லை. 4 ஆண்டில் 13 வெற்றி, 38 தோல்வி, 3 சமம். இப்ப போவார், அப்ப போவார் என்று ஊரே பேசியது. ஆனால் 1964-ல் அணி உரிமையாளர் அவருக்கு 10 ஆண்டு ஒப்பந்தத்தை நீட்டித்தார்!

அவர் 'ஃப்ளெக்ஸ்' என்ற முறையைக் கொண்டுவந்தார். நால்வரில் இருவர் கோட்டிலிருந்து சற்றுப் பின்தள்ளி நிற்பார்கள். பந்து போகும் திசையில் யாரும் விழுந்தடித்து ஓடக்கூடாது. அவரவர் இடைவெளியை முதலில் காக்க வேண்டும். ரத்தம் கொதிக்கிற வயசுக்காரனுக்கு இது லேசான காரியமா? பக்கத்தில் நிற்பவன் தன் வேலையைச் செய்வான் என்ற நம்பிக்கை இருந்தால்தான் நடக்கும். ஒருவன் ஆசைப்பட்டு நகர்ந்தால் கட்டடமே சரியும்.

பலன் வந்தது. 1966 முதல் 1985 வரை தொடர்ந்து 20 ஆண்டுகள் தோல்வியை விட வெற்றியே அதிகம். 1972 ஜனவரியில் ஒன்று, 1978 ஜனவரியில் இன்னொன்று என இரண்டு சூப்பர் பவுல் கோப்பைகள். இரண்டாவதில் டென்வர் அணியை 27-10 என வென்றபோது, வலது ஓரக்காரர் ஹார்வி மார்ட்டினும் அவர் பக்கத்தில் நின்ற ராண்டி வைட்டும் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பகிர்ந்துகொண்டார்கள்.

1989 பிப்ரவரியில் அணி கைமாறியது. 29 ஆண்டு உழைத்தவரைப் புதிய உரிமையாளர் உடனே நீக்கினார். ஆனால் 1990-ல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது. 1993-ல் அதே கௌபாய்ஸ் தன் மைதானத்தின் கௌரவ வரிசையில் அவர் பெயரைப் பொறித்தது. 2000 பிப்ரவரி 12-ல் ரத்தப் புற்றுநோயால் மறைந்தார்.

தோழர்களே! முதல் செமஸ்டரில் அரியர் விழுந்ததும் துவண்டு போகிறோமே... வெற்றியே இல்லாத முதல் ஆண்டுக்குப் பிறகும் அந்த மனுஷன் தன் வரைபடத்தைக் கிழித்துப் போடவில்லை. திருத்தித் திருத்தி வரைந்தார். அவ்வளவுதான் ரகசியம்!