ரெயில் நிலையத்தின் பெயரையே மாற்றிய கால்பந்து மானேஜர்!

லண்டன் மாநகரின் வடக்கே ஹைபரி என்று ஒரு கால்பந்து மைதானம் இருந்தது. ஆர்செனல் குழுவின் சொந்த மைதானம். 1913-ல் திறந்தார்கள். 2006-ல் மூடினார்கள். இன்றைக்கு அங்கே அடுக்குமாடி வீடுகள். சாதாரண மைதானமாக இருந்த அதை ஊரே பேசும்படி செய்தவர் ஹெர்பர்ட் சாப்மன்.

தொழிலாளி மகன்

1878-ல் யார்க்‌ஷயரில் கிவிட்டன் பார்க் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா நிலக்கரி சுரங்கத் தொழிலாளி. ஆட்டக்காரராக சாப்மன் பெரிய பெயர் எதுவும் வாங்கவில்லை. மானேஜர் ஆனார். அங்கேயும் வந்தது வினை!

அவர் மானேஜராக இருந்த லீட்ஸ் சிட்டி குழு, முதல் உலகப்போர் சமயத்தில் ஆட்டக்காரர்களுக்கு விதியை மீறிப் பணம் கொடுத்ததாகப் புகார். கணக்கைக் காட்டு என்றால் குழு காட்டவில்லை. 1919-ல் குழுவையே கலைத்துவிட்டார்கள். சாப்மனுக்கும் தடை. போர்க்காலத்தில் தான் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்ததாக முறையிட்டார். தடை நீங்கியது.

பிறகு நிற்கவே இல்லை மனுஷர். ஹட்டர்ஸ்ஃபீல்டு குழுவை 1924, 1925 இரண்டு வருடமும் லீக் சாம்பியன் ஆக்கினார். 1925-ல் ஆர்செனலுக்கு வந்தார். அதுவரை பெரிய கோப்பை எதையும் தொடாத குழு அது. 1930-ல் எப்.ஏ. கோப்பை கிடைத்தது. இறுதி ஆட்டத்தில் தோற்றது யார் தெரியுமா? அவருடைய பழைய ஹட்டர்ஸ்ஃபீல்டுதான்! 1931, 1933-ல் லீக் பட்டமும் வந்தது.

கடிகாரம் வந்த கதை

மைதானத்துக்குப் பக்கத்தில் கில்லெஸ்பி ரோடு என்று சுரங்க ரெயில் நிலையம். அதற்குக் குழுவின் பெயரையே வைக்கணும் என்று அதிகாரிகளை விடாமல் நச்சரித்தார். டிக்கெட், வரைபடம், பலகை எல்லாம் மாற்றணுமே! ஆனாலும் 1932-ல் ஆர்செனல் என்று பெயர் மாறியது.

மைதானத்தில் 45 நிமிடம் காட்டும் பெரிய கடிகாரம் வைத்தார். கால்பந்து சங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. சாதாரண கடிகாரமாக மாற்றினார். இரவு ஆட்டத்துக்கு விளக்கு போட்டார். பந்தயத்துக்குக் கூடாது என்று அதையும் தடுத்தார்கள். ஹைபரியில் விளக்கொளியில் ஆட்டம் நடந்தபோது ஆண்டு 1951. அதைப் பார்க்க அவர் இல்லை.

கடைசி ஆட்டம்

1934 ஜனவரி. கடும் குளிர். சாப்மனுக்கு ஜலதோஷம். படுத்து ஓய்வு எடுக்கச் சொன்னதைக் கேட்கவில்லை. குழுவின் சின்னப் பையன்கள் ஆட்டத்தைப் பார்க்கக் கிளம்பிப் போனார். நிமோனியா பிடித்துக்கொண்டது. ஜனவரி 6-ந் தேதி விடியுமுன் காலமானார். வயது 55தான். அன்று பிற்பகலே ஹைபரியில் பந்தயம். துக்கத்தோடு ஆடினார்கள் ஆட்டக்காரர்கள். அந்த ஆண்டும், அடுத்த ஆண்டும் சாம்பியன் பட்டம் ஆர்செனலுக்கே!

மைதானம் போய்விட்டது. கடிகாரத்தைப் புது ஸ்டேடியத்துக்குக் கொண்டு போனார்கள். ரெயில் நிலையம் மட்டும் அதே இடத்தில், அவர் கேட்டு வாங்கிய அதே பெயரோடு நிற்கிறது!