முள்ளைச் சுற்றி ஒரு படை!
(விஞ்ஞானி வரலாறு)



இந்த இதழில் நான் எழுத எடுத்துக்கொண்டவர் இலியா மெச்னிகாஃப். பிரான்சுக்குப் போன பிறகு இவரை எலீ என்று அழைத்தார்கள். பெயரைப் படிச்சிட்டுச் சிரிக்காதீங்க! காலில் முள் குத்தினால் அந்த இடம் வீங்குவது நம்மைக் காப்பாற்றத்தான் என்று உலகத்துக்கே எடுத்துச் சொன்னவர் இவர்.

1845-ல் இன்றைய உக்ரைன் நாட்டில், கார்கிவ் நகரப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தார். அப்போது அது ரஷ்யப் பேரரசில் இருந்தது. கார்கிவ் பல்கலைக்கழகத்தில் நாலு வருஷப் படிப்பை ரெண்டே வருஷத்தில் முடித்தார். படித்தது விலங்கியல், மருத்துவம் இல்லை. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால் வரும்.

இவருடைய வாழ்க்கையில் துன்பம் அதிகம். 1869-ல் லுத்மிலாவைத் திருமணம் செய்தார். மணப்பெண்ணுக்குக் காசநோய். நடக்க முடியாமல், நாற்காலியில் வைத்துத்தான் தேவாலயத்துக்குத் தூக்கி வந்தார்களாம். இவர் எவ்வளவோ பாடுபட்டும் 1873-ல் அவர் இறந்துபோனார். 1875-ல் ஓல்காவை மணந்தார். அவருக்கும் 1880-ல் டைபாய்டு வந்தது, நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார். 1881-ல் ரஷ்யப் பேரரசர் கொல்லப்பட்ட பிறகு நாட்டில் குழப்பம். மெச்னிகாஃப் பேராசிரியராக இருந்த ஒடெசா பல்கலைக்கழகத்திலும் தகராறு. 1882-ல் வேலையை விட்டுவிட்டு, குடும்பத்தோடு இத்தாலியின் மெசினா நகருக்குப் போய்விட்டார்.

அங்கேதான் அந்த அதிசயம் நடந்தது. ஒருநாள் வீட்டில் எல்லாரும் குரங்கு வித்தை காட்டும் சர்க்கஸுக்குப் போய்விட்டார்கள். இவர் மட்டும் நுண்ணோக்கியில் நட்சத்திர மீனின் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவை கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே செல்கள் நகர்வது நன்றாகத் தெரியும். திடீரென்று ஒரு யோசனை. உடம்புக்குள் அந்நியப் பொருள் நுழைந்தால் இந்தச் செல்கள் வந்து எதிர்க்குமோ? உடனே தோட்டத்துக்குப் போய் ரோஜா முள் எடுத்து வந்து, குஞ்சின் தோலுக்கு அடியில் செருகினார். ராத்திரி முழுக்கத் தூக்கமே இல்லை. காலையில் பார்த்தால் முள்ளைச் சுற்றிச் செல்கள் படை மாதிரி திரண்டு நிற்கின்றன!

இதில் என்ன பெரிசு என்று கேட்பீங்க. வீக்கம் என்பது ரத்தக்குழாய் சம்பந்தப்பட்ட கோளாறு என்றுதான் அப்போது மருத்துவர்கள் நினைத்தார்கள். நட்சத்திர மீன் குஞ்சுக்கு ரத்தக்குழாயே கிடையாது. ஆனாலும் செல்கள் வந்தன! அப்படியென்றால் அந்தச் செல்கள்தான் காவல்காரர்கள். பிறகு 1884-ல், தண்ணீர்த் தெள்ளுப்பூச்சியின் உடம்புக்குள் புகுந்த காளான் வித்துகளை அதன் செல்கள் விழுங்குவதையும் காட்டினார்.

எல்லாரும் பாராட்டினார்களா? இல்லை! வெள்ளை அணுக்கள் கிருமிகளை உடம்பெல்லாம் சுமந்து பரப்புகின்றன என்று பலர் நம்பினார்கள். ஜெர்மன் விஞ்ஞானிகளோ, ரத்தத்தின் நீர்ப்பகுதிதான் கிருமியைக் கொல்கிறது என்றார்கள். 1888-ல் பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தில் சேர்ந்த மெச்னிகாஃப், வருஷக்கணக்காகச் சோதனை செய்து அவர்களுக்குப் பதில் சொன்னார். கடைசியில் 1908-ல் நோபல் பரிசு வந்தது. யாரோடு சேர்த்துத் தெரியுமா? எதிர்க்கட்சியைச் சேர்ந்த பால் எர்லிக்கோடு! ரெண்டு பேர் சொன்னதும் சரிதான். செல்களும் வேண்டும், நீர்ப்பகுதியில் உள்ள எதிர்ப்பொருளும் வேண்டும்.

1916 ஜூலை 15-ல், 71 வயதில் பாரிஸில் இறந்தார். அவருடைய அஸ்தி பாஸ்டர் நிறுவனத்திலேயே வைக்கப்பட்டிருக்கிறது.

என்னைக் கேட்டால், மெச்னிகாஃப் பார்த்தது காயம் ஆறும் கதையின் முதல் பாகம். மீதியைப் பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். அடிபட்டதும் ரத்தம் உறைந்து ஓட்டையை அடைக்கிறது. அப்புறம் வெள்ளை அணுக்கள் வந்து கிருமிகளையும் செத்த செல்களையும் தின்கின்றன. (சீழ் என்பது பெரும்பாலும் அந்தச் சண்டையில் செத்த வெள்ளை அணுக்களே.) தின்பதோடு வேலை முடியவில்லை. ரசாயனச் செய்தி அனுப்பித் தோல் செல்களையும் தட்டி எழுப்புகின்றன. தோலின் அடி அடுக்கிலும் முடியின் வேர்ப்பகுதியிலும் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. அவை பிரிந்து பிரிந்து புதுத் தோல் செல்களைத் தருகின்றன. புதுச் செல்கள் பக்குக்கு அடியில் ஊர்ந்து வந்து ரெண்டு கரையையும் சேர்க்கின்றன. பக்கைப் பிய்க்காதே என்று அம்மா திட்டுவது இதனால்தான்! காயத்துக்கு ஓடிவரும் அந்த வெள்ளை அணுக்களும் எலும்பு மஜ்ஜையில் உள்ள ஸ்டெம் செல்களிலிருந்து பிறந்தவையே.

மருத்துவம் படிக்காத ஒருவர், கடல் உயிரியைப் பார்த்து மனித உடம்பின் ரகசியத்தைச் சொன்னார். அதனால், இந்தப் பாடம் எதுக்கு உதவப்போகுதுன்னு எதையும் ஒதுக்கிடாதீங்க நண்பர்களே!



– 10-ஆம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு