ராணி தொட்டால் நோய் தீருமா? டாக்டரே சொன்ன வைத்தியமும் சாமுவேல் ஜான்சனின் வாழ்க்கையும்

ஆங்கில அகராதி என்றதும் நினைவுக்கு வரும் முதல் பெயர்களில் ஒன்று சாமுவேல் ஜான்சன். 1755-ல் அவர் வெளியிட்ட அகராதியில் 42 ஆயிரத்துக்கும் அதிகமான சொற்கள் இருந்தன. இது பலருக்கும் தெரிந்த கதை. இதே ஜான்சனை இரண்டரை வயதில், நோய் குணமாவதற்காக இங்கிலாந்து ராணியிடம் கூட்டிப்போய்த் தொடவைத்தார்கள் என்பது அவ்வளவாகத் தெரியாத கதை.

கேட்டதும் சிரிப்பு வரலாம். ஆனால் அந்த யோசனையைச் சொன்னவர் மந்திரவாதி இல்லை; ஊரிலேயே பேர்பெற்ற டாக்டர்.

குழந்தைக்கு என்ன ஆச்சு?

1709 செப்டம்பரில் இங்கிலாந்தின் லிச்ஃபீல்டு நகரில் பிறந்தார் ஜான்சன். அப்பா மைக்கேல் புத்தகக் கடைக்காரர். அம்மா சாராவுக்கு அப்போது 40 வயது. கஷ்டமான பிரசவம். குழந்தை உடனே அழவில்லை. பிழைக்காதோ என்ற பயத்தில் அன்றைக்கே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள்.

பிறகு பால் கொடுப்பதற்காகப் பக்கத்தில் ஒரு தாதியின் வீட்டில் விட்டார்கள். 10 வாரம் கழித்துத் திரும்பி வந்த குழந்தைக்குப் பார்வை மங்கியிருந்தது, உடம்பு நோய்வாய்ப்பட்டிருந்தது. அது கண்டமாலை. கழுத்தில் நெறி கட்டி, வீங்கி, உடைந்து சீழ் வடியும் நோய். கழுத்து நிணநீர்க் கணுக்களைத் தாக்கும் காசநோய் இது என்று இன்றைக்குத் தெரியும். காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் கண்டுபிடித்தது 1882-ல். அதற்கு 170 வருடங்களுக்கு முன்னால் யாருக்கும் அது தெரிய வழியில்லை.

காரணம் தெரியாத இடத்தில் பழி சுமத்த ஆள் தேடுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். குழந்தையின் ஞானத்தந்தையான டாக்டர் ஸ்வின்ஃபென், தாதியின் உடம்பில் இருந்த கெட்ட நீர்தான் காரணம் என்றார். தாதியின் மகனுக்கும் அதே நோய் இருந்தது. சாராவோ, தன் பிறந்த வீட்டு வழியாகத்தான் இந்த நோய் வந்தது என்று தன்னையே நொந்துகொண்டார். ஆக, பழி இரண்டு பெண்கள் மேல் விழுந்தது.

ஆறாமல் வைத்திருந்த புண்

கெட்ட நீரை வெளியேற்ற அந்தக் காலத்தில் ஒரு வைத்தியம் இருந்தது. கையைக் கீறி, அந்தப் புண்ணை ஆறவிடாமலே வைத்திருப்பார்கள். ஜான்சனின் இடது கையிலும் அப்படிக் கீறினார்கள். அந்த நேரத்தில் குழந்தையின் கவனம் கஸ்டர்ட் கிண்ணத்தில் இருந்ததால் வலியைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை என்று அம்மா பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தப் புண் அவருக்கு ஆறு வயது வரை ஆறாமல் இருந்தது.

புத்தகக் கடைக்காரர் வீடு, படித்த குடும்பம். குழந்தையை நேசித்தவர்கள்தான் இதையும் செய்தார்கள்.

ராணியின் கையும் தங்கக் காசும்

அரசர் தொட்டால் கண்டமாலை தீரும் என்ற நம்பிக்கை இங்கிலாந்திலும் பிரான்ஸிலும் பல நூற்றாண்டுகள் இருந்தது. நோய்க்குப் பெயரே ‘ராஜாவின் நோய்’ என்பதுதான். இரண்டாம் சார்லஸ் மன்னர் மட்டும் 90 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களைத் தொட்டிருக்கிறார்.

லிச்ஃபீல்டில் சாராவுக்கு இந்த யோசனையைச் சொன்னவர் சர் ஜான் ஃப்ளோயர். நாடித்துடிப்பைக் கணக்காக எண்ணுவதற்கென்றே தனியாகக் கடிகாரம் செய்யவைத்து, 1707-ல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதியவர். அந்தக் காலத்து அறிவியலின் முன்வரிசையில் இருந்தவர். அவருக்கே இந்த விஷயத்தில் சந்தேகம் வரவில்லை.

1712 மார்ச்சில், மறுபடியும் கருவுற்றிருந்த சாரா குழந்தையைத் தூக்கிக்கொண்டு லண்டனுக்குக் குதிரை வண்டி ஏறினார். வழியில் திருட்டுப் போய்விடக் கூடாது என்று இரண்டு கினி தங்கக் காசுகளைப் பாவாடைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டார். மார்ச் 30 அன்று ஆன் ராணி தொட்ட கூட்டத்தில் குட்டி ஜான்சனும் இருந்தார். வைரங்கள் அணிந்து, நீளமான கறுப்பு முக்காடு போட்ட ஒரு பெண்மணி என்ற மங்கலான ஞாபகம் அவருக்குக் கடைசி வரை இருந்தது. ராணி அணிவித்த தங்கக் காசையும் கடைசி வரை கழுத்தில் போட்டிருந்தார்.

நோய் தீரவில்லை. பிறகு கத்தி வைத்துக் கட்டிகளை அறுத்தார்கள். முகத்திலும் கழுத்திலும் தழும்பு நிலைத்துவிட்டது. இடது கண்ணில் பார்வை ஏறக்குறைய இல்லை. இடது காதும் கேட்கவில்லை.

அப்புறம் ஏன் நம்பினார்கள்?

கண்டமாலையின் போக்கு அப்படி. வீங்கும், உடையும், சில பேருக்குத் தானாகவே ஆறும், சில மாதம் கழித்துத் திரும்பவும் வரும். நோய் முற்றிய நேரத்தில்தான் ஜனங்கள் ராணியிடம் ஓடினார்கள். அதற்குப் பிறகு வீக்கம் தானாக வடிந்தாலும் பெருமை ராணிக்குப் போனது. ஆறாதவர்களை யாரும் கணக்கெடுக்கவில்லை. ஆன் ராணி 1714-ல் இறந்தார். அடுத்து வந்த முதலாம் ஜார்ஜ் இந்தப் பழக்கத்தைத் தொடரவில்லை. அதனால் நோயாளிகள் கூடிவிடவும் இல்லை.

முகம் கோணியதால் போன வேலை

ஜான்சனுக்கு இன்னொரு பிரச்சினையும் இருந்தது. தலை ஆடும், முகம் கோணும், கைகால்கள் வெட்டி இழுக்கும், வாயிலிருந்து வினோதமான சத்தங்கள் வரும். வறுமையால் ஆக்ஸ்ஃபோர்டு படிப்பைப் பாதியில் விட்டவர், 1730-களில் வாத்தியார் வேலைக்கு முயன்றார். இரண்டு பள்ளிகள் அவரை வேண்டாம் என்றன. அவருடைய முகக்கோணலைப் பார்த்துப் பையன்கள் கெட்டுவிடுவார்கள், கேலி செய்வார்கள் என்பதும் சொல்லப்பட்ட காரணம்.

புகழ்பெற்ற ஓவியர் ஹோகார்த், ஒரு நண்பர் வீட்டு ஜன்னலோரம் உடம்பை ஆட்டிக்கொண்டு நின்ற ஜான்சனை முதல்முறை பார்த்தபோது, மனவளர்ச்சி இல்லாத யாரையோ வீட்டில் வைத்துப் பராமரிக்கிறார்கள் என்றே நினைத்தார். அந்த ஆள் திடீரென்று வந்து அரசியல் பேச ஆரம்பித்ததும் அசந்துபோனார்.

பேயைப் பரிசோதித்த கதை

1762-ல் லண்டன் காக் லேன் தெருவில் ஒரு வீட்டில் பேய் சுவரைத் தட்டுகிறது என்று ஊரே திரண்டது. இறந்துபோன ஒரு பெண்ணின் ஆவி அது, தன் துணைவர் விஷம் வைத்துக் கொன்றதாகச் சொல்கிறது என்றார்கள். அந்த மனிதருக்குக் கொலைப்பழி. சத்தம் கேட்டது அந்த வீட்டுச் சிறுமியின் அருகில்தான்.

விசாரித்த குழுவில் ஜான்சனும் ஒருவர். பேயே கிடையாது என்று அடித்துச் சொல்பவர் அல்ல அவர். சோதித்துப் பார்ப்போம் என்பவர். தன் சவப்பெட்டி மேலேயே தட்டுவதாக ஆவி ‘வாக்கு’ கொடுத்திருந்தது. நள்ளிரவு தாண்டிக் கல்லறைக்குள் இறங்கினார்கள். ஒரு சத்தமும் இல்லை. சிறுமிதான் ஏதோ வித்தையால் ஒலி எழுப்புகிறாள் என்று ஜான்சன் அறிக்கை எழுதினார். பிறகு அவள் ஒரு சிறு பலகையை ஒளித்துவைத்திருந்தது பிடிபட்டது. அவளுடைய அப்பா சிறைக்குப் போனார். பழி சுமந்தவர் தப்பினார். காக் லேனில் அன்று நடந்தது, ராணியின் கைக்கு ஒருபோதும் நடக்காத எளிய சோதனை.

அவருக்கே தெரியாமல் போனது

ஒருமுறை ஒரு சின்னப் பெண், ஏன் இப்படியெல்லாம் செய்கிறீர்கள் என்று ஜான்சனிடமே கேட்டுவிட்டாள். கெட்ட பழக்கம்தான் காரணம், நீ அப்படிப் பழகிக்கொள்ளாதே என்று அவர் அன்பாகப் பதில் சொன்னார். அதை அவர் அப்படித்தான் நம்பினார். அவர் 1784-ல் இறந்து நூறு வருடம் கழித்து, 1885-ல், பிரெஞ்சு டாக்டர் ஜில் தெ லா டூரெட் இந்த மாதிரி அனிச்சை அசைவுகளை ஒரு நோயாக விவரித்தார். ஜான்சனுக்கு இருந்தது டூரெட் சிண்ட்ரோமாகவே இருக்க வேண்டும் என்று 20-ம் நூற்றாண்டு மருத்துவர்கள், நண்பர்கள் எழுதிவைத்த விவரங்களைப் படித்துவிட்டுச் சொன்னார்கள்.

தாதியின் பால், அம்மாவின் பிறந்த வீடு, கடைசியில் அவருடைய சொந்தப் பழக்கம் என்று ஒரே உடம்புக்காக மூன்று பேர் பழி சுமந்தார்கள். மூவர் மேலும் தப்பில்லை. இன்றைக்குக் கழுத்தில் கட்டி வாரக்கணக்கில் கரையாமல் இருந்தால் பரிசோதனை இருக்கிறது. காசநோய் என்றால் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டுக் குணமாகலாம். கண்ணைச் சிமிட்டிக்கொண்டே, தோளைக் குலுக்கிக்கொண்டே இருக்கும் குழந்தையைத் திட்டினால் அது நிற்காது. அந்தக் குழந்தை வேண்டுமென்று செய்யவில்லை என்பதை வீட்டில் இருப்பவர்கள் புரிந்துகொள்வதுதான் முதல் வைத்தியம்.