திருச்சுழியின் ‘தங்கக்கை’ ஃபுட்பாலர்

கோவணத்தோடு இருக்கும் ரமண மகரிஷி படத்தைப் பார்த்திருப்பீங்க. அவர் செம ஃபுட்பால் ப்ளேயர்னு தெரியுமா? அருப்புக்கோட்டை பக்கம், வானம் பார்த்த பூமியான திருச்சுழியில் 1879-ல் பிறந்த வேங்கடராமன்தான் அவர்.

1892-ல் வக்கீல் அப்பா இறந்துட, மதுரையில் சித்தப்பா வீட்டில் வளர்ந்தார். படிப்பு சுமார்தான், பந்து, குஸ்தி, நீச்சல்னா உசுரு. இவர் இருக்குற டீம்தான் ஜெயிக்கும். அதனால பட்டப்பெயர் ‘தங்கக்கை’. (காலால ஆடுறவருக்கு!)

1896 ஜூலை. வயசு 16. நோய் நொடி இல்லாத உடம்பு, திடீர்னு மரண பயம். பிணம்போல் படுத்து, சாகுறது யாருன்னு உள்ளுக்குள் தேடினார். பயம் போச்சு, கூடவே பந்தும் போச்சு.

ஆகஸ்ட் 29. அண்ணனோட காலேஜ் ஃபீஸ் 5 ரூபாயில் 3-ஐ எடுத்துக்கிட்டு, மீதி 2 ரூபாயைக் கடிதத்தோடு வெச்சுட்டு ரயிலேறினார். செப்டம்பர் 1-ல் திருவண்ணாமலை. 1950-ல் கண்மூடும்வரை அங்கேயேதான்.