ஹிஜ்ரீ 150: ஓர் இமாம் மறைந்தார், ஓர் இமாம் பிறந்தார்

இஸ்லாமியச் சட்டக்கலை வரலாற்றில் ஹிஜ்ரீ 150 (கி.பி. 767) மறக்க முடியாத ஆண்டு. அந்த ஆண்டில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் பக்தாதில் வஃபாத்தானார்கள். அதே ஆண்டில் ஃபலஸ்தீனின் காஸாவில் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் பிறந்தார்கள். மக்காவின் பெரும் ஹதீஸ் அறிஞர் இப்னு ஜுரைஜ் (ரஹ்) அவர்கள் மறைந்ததும் இதே ஆண்டில்தான்.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் இயற்பெயர் நுஃமான் பின் ஸாபித். ஹிஜ்ரீ 80-ல் இராக்கின் கூஃபா நகரில் பிறந்தார்கள். தொழில் துணி வணிகம். இளமையில் கடைத்தெருவே கதியென்று இருந்தவர்களைக் கல்வியின் பக்கம் திருப்பியவர் இமாம் ஷஅபீ (ரஹ்) அவர்கள். பிறகு ஹம்மாத் பின் அபீசுலைமான் (ரஹ்) அவர்களிடம், ஆசிரியர் ஹிஜ்ரீ 120-ல் மறையும்வரை, ஏறத்தாழ 18 ஆண்டுகள் பாடம் படித்தார்கள். ஆசிரியருக்குப் பின் அந்த இடத்தில் அமர்ந்து கற்பித்தவர்களும் அவர்களே.

ஆலிமான பின்பும் வணிகத்தை அவர்கள் கைவிடவில்லை. ஒருமுறை, குறையுள்ள துணியைக் குறையைச் சொல்லியே விற்க வேண்டும் என்று தம் கூட்டாளியிடம் சொல்லியிருந்தார்கள். அவர் மறந்துபோய் விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. விஷயம் அறிந்த இமாம், அந்தச் சரக்கின் தொகை முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள். இந்த ஹலாலான வருமானத்தில்தான் ஏழை மாணவர்களையும் ஆதரித்தார்கள். ஆட்சியாளர்களின் அன்பளிப்புக்குக் கை நீட்டவேண்டிய நிலை அவர்களுக்கு ஏற்படவே இல்லை.

அந்தச் சுதந்திரத்திற்குச் சோதனை இருமுறை வந்தது. உமய்யா ஆட்சியின் இறுதிக் காலத்தில் இராக்கின் ஆளுநராக இருந்த இப்னு ஹுபைரா அரசுப் பதவி ஒன்றை ஏற்கச் சொன்னார். மறுத்ததற்காக இமாமுக்குச் சாட்டையடி கிடைத்தது. பின்னர் அப்பாஸிய கலீஃபா மன்சூர், காழி பதவியை ஏற்கும்படி வற்புறுத்தினார். தமக்கு அதற்குத் தகுதியில்லை என்றார்கள் இமாம். பொய் சொல்வதாகக் கலீஃபா கோபித்தபோது, பொய்யனை எப்படிக் காழியாக்கலாம் என்று திருப்பிக் கேட்டார்கள். சிறையில் அடைக்கப்பட்டார்கள். 70 வயதில் உயிர் பிரிந்தது. மக்கள் திரண்டு வந்ததால் ஜனாஸா தொழுகை பலமுறை நடத்தப்பட்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அவர்கள் அடக்கமாகியுள்ள பகுதி இன்றும் அஃழமிய்யா என்றே அழைக்கப்படுகிறது.

சிறை அவர்களின் கல்வியை அடைத்துவிடவில்லை. வறுமையில் அவர்களால் ஆதரிக்கப்பட்ட மாணவர் அபூயூசுஃப் (ரஹ்) பிற்காலத்தில் தலைமைக் காழியானார்கள். இளம் மாணவராக இருந்த முஹம்மது பின் ஹஸன் ஷைபானீ (ரஹ்) ஆசிரியரின் சட்டங்களை நூல்களாக எழுதி வைத்தார்கள்.

இதற்கிடையில், காஸாவில் பிறந்த குழந்தை தந்தையை இழந்து, தாயாருடன் மக்கா வந்து, வறுமையில் வளர்ந்தது. மதீனாவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் பயின்றது. பிறகு பக்தாத் வந்தபோது அந்த இளம் ஷாஃபிஈ (ரஹ்) பாடம் கேட்டது யாரிடம்? இமாம் அபூஹனீஃபாவின் மாணவரான அதே முஹம்மது பின் ஹஸனிடம்தான்! ஹிஜ்ரீ 150-ல் மறைந்தவரின் கல்வி, அந்த ஆண்டில் பிறந்தவரிடம் இப்படித்தான் வந்து சேர்ந்தது. ஆசிரியரோடு பல சட்டங்களில் ஷாஃபிஈ (ரஹ்) கருத்து வேறுபட்டார்கள். ஆனால் அவர்மீது கொண்ட மரியாதையில் குறை வைக்கவில்லை.

நம் ஊர்களில் ஹனஃபீகளும் ஷாஃபிஈகளும் சம்பந்தம் செய்து ஒரே குடும்பமாக வாழ்கிறோம். அஸர் நேரத்திலும் ஃபஜ்ரு குனூத்திலும் வேறுபாடு வரும்போது, இந்த இரு இமாம்களும் ஒரே கல்விச் சங்கிலியின் கண்ணிகள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். நேர்மையான சம்பாத்தியம்தான் அந்த இமாமை யாருக்கும் தலைகுனியாமல் நிற்க வைத்தது என்பதையும் சேர்த்தே சொல்வோம்.

அல்லாஹ் அவ்விருவரின் தரஜாக்களையும் உயர்த்துவானாக. ஆமீன்.