பெரிய கோவிலில் அறுந்த கயிறு

மாலையில் நம் மொட்டை மாடியில் நடக்கிறவர்கள் கவனித்திருப்பீர்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை கிடையாது. வயல், தென்னந்தோப்பு, அவற்றுக்கு மேலே பெரிய கோவில் விமானம். நமக்குக் கண்ணுக்குக் குளிர்ச்சியான இந்தக் காட்சி, 1808-இல் இங்கு வந்த ஒருவருக்குப் பெரும் தலைவலியாக இருந்தது. இந்த முறை அவரைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

பெயர் வில்லியம் லாம்டன். இங்கிலாந்தின் யார்க்‌ஷையரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். ராணுவ வேலையில் வட அமெரிக்காவில் பல ஆண்டுகளைக் கழித்துவிட்டு, நாற்பது வயதைத் தாண்டிய பிறகே இந்தியாவுக்கு வந்தார். கணக்கில் அபாரப் பிரியம். 1799-இல் மைசூர்ப் போரின்போது ஓர் இரவு, படை திசை மாறி எதிரி முகாமை நோக்கிப் போவதை நட்சத்திரங்களைப் பார்த்தே கண்டுபிடித்துச் சொன்னவர் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு.

போர் முடிந்ததும் தீபகற்பம் முழுவதையும் துல்லியமாக அளக்கத் திட்டம் கொடுத்தார். 1802 ஏப்ரல் 10 அன்று சென்னைப் பரங்கிமலை அருகே வேலை தொடங்கியது. அங்கிருந்து பெரும்பாக்கம் குன்று வரை சுமார் ஏழரை மைல். உங்கள் பிள்ளைகளில் சிலர் இன்று ஐடி வேலைக்குப் போய்வருகிற அதே பெரும்பாக்கம்தான். அந்தத் தூரத்தைச் சங்கிலி போட்டு அளக்கவே பல வாரங்கள் ஆயின.

முறை எளிது. ஒரு கோட்டின் நீளம் தெரிந்து, அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவில் உள்ள ஓர் இடத்தைப் பார்க்கும் கோணமும் தெரிந்தால், மற்ற இரு பக்கங்களையும் கணக்கிலேயே கண்டுபிடித்துவிடலாம். அந்தப் பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் இன்னொன்று என்று நாடு முழுக்கப் போகலாம். ஆனால் ஒரு கோணத்தில் பிழை வந்தால், அது அடுத்தடுத்த எல்லா முக்கோணங்களுக்கும் தொற்றிக்கொள்ளும். அதனால்தான் தியோடோலைட் என்ற கோணமானியை லண்டனிலிருந்து வரவழைத்தார். அதன் வட்டம் 36 அங்குலம், எடை சுமார் அரை டன். வரும் வழியில் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று அதைக் கைப்பற்றி மொரீஷியசுக்குக் கொண்டுபோனது. அது அறிவியல் கருவி என்று தெரிந்ததும் அங்கிருந்த ஆளுநர் மரியாதையோடு திருப்பி அனுப்பிவைத்தார்.

ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் இந்த முறை நடக்கும். மற்ற ஊர்களில் குன்றின் மேல் ஏறினார். காவிரிப் படுகையில் குன்று ஏது? நாலா பக்கமும் தென்னை மறைக்கிறது. கோவில்கள்தான் இங்கே உயரம். எனவே கோபுரங்களில் கருவியை ஏற்றினார்கள். தஞ்சையில் சுமார் 200 அடி உயர விமானத்தின் மேல் கருவியை இழுத்து ஏற்றும்போது, அதை விலக்கிப் பிடித்திருந்த கயிறு அறுந்தது. கருவி பெட்டியோடு சுவரில் போய் மோதியது. கோணம் காட்டும் வட்டமே நெளிந்துவிட்டது.

இன்னொரு கருவிக்கு லண்டனுக்கு எழுதினால், கப்பலில் வந்து சேர ஆண்டுக்கணக்காகும். நெளிந்த கருவியை ஒப்புக்கு நிமிர்த்தி வேலையை ஓட்டியிருந்தால் யாருக்கும் உடனே தெரிந்திருக்காது. லாம்டன் இரண்டையும் செய்யவில்லை. கூடாரத்துக்குள் தலைமைக் கைவினைஞர்களை மட்டும் அனுமதித்து, கருவியை முழுவதும் கழற்றினார். பெரிய பலகையில் சரியான அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி, ஆப்பு, திருகு, கப்பி கொண்டு நெளிந்த வட்டத்தை அந்த அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். வளைந்த கம்பிகளைச் சிறு மரச்சுத்தியலால் தட்டி நேராக்கினார். ஆறு வாரத்தில் கருவி ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்தது. வேலை தொடர்ந்தது.

1823 ஜனவரியில், மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில், வேலைக்கிடையிலேயே அவர் காலமானார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட்டின் பெயர் உலகின் உயரமான சிகரத்துக்குப் போயிற்று. லாம்டன் பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது.

இப்போது செயற்கைக்கோள் இருக்கிறதே, இந்தப் பாடெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். 2005-இல் ஏவப்பட்ட நம் கார்ட்டோசாட்-1 இரண்டு கேமராக்களால் ஒரே நிலத்தை இரு கோணங்களில் படமெடுத்தது. அந்த ஜோடிப் படங்களிலிருந்து மேடு பள்ளத்தைக் கணக்கிடலாம். ஆனால் தோப்பு இருக்கும் இடத்தில் மேலிருந்து தெரிவது மர உச்சிதான், தரை அல்ல. லாம்டனுக்குக் குறுக்கே நின்ற அதே தென்னை! படத்தை நிலத்தோடு பொருத்தவும், உயரத்தைச் சரிபார்க்கவும் தரையில் அளந்த புள்ளிகள் வேண்டும். வாய்க்காலின் பெயரும் மேலிருந்து தெரியாது. யாராவது வந்து கேட்க வேண்டும். நம் சமவெளியில் ஓரடி உயர வித்தியாசம்கூட மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதைத் தீர்மானித்துவிடும். மழைக்காலத்தில் கார் நிறுத்துமிடத்தில் தண்ணீர் நிற்பதைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே அடுத்த முறை சர்வே ஊழியர் அளவுகோலோடு நம் வாசலுக்கு வந்தால், அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு உள்ளே விடுங்கள். ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள். பக்கத்து வாய்க்காலின் பெயரையும் அது ஓடும் வழியையும் தெரிந்தபடி சரியாகச் சொல்லுங்கள். பெரிய கோவிலுக்குப் போகும்போது, விமானத்தை அண்ணாந்து பார்த்து அந்த ஆறு வாரத்தையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.